மூன்று மூலைத் துணி

ஆரணிக்குக் கடல் கிடையாது. ஏரிகள் உண்டு. நல்ல மழை பெய்தால் கமண்டல நாகநதியிலும் பத்து நாளைக்குத் தண்ணீர் ஓடும். அதில் படகு விடலாமென்று எந்தப் பைத்தியக்காரனுக்கும் தோன்றியதில்லை. அப்படிப்பட்ட ஊருக்குள் புரட்டாசி மாதக் கடைசியில் ஒரு குட்டியானை வண்டி, முதுகில் வெள்ளைப் படகு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நுழைந்தது. வண்டியைவிடப் படகு நீளம். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி முடிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு அருகே இரண்டு டவுன் பஸ்கள் நின்று வழிவிட்டன.

மாணிக்கவேல் தன் வீட்டு வாசலில் நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்தார். பார்க்காமல் உள்ளே போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். முப்பத்தைந்து வருஷமாகப் பட்டு நெய்கிறவர். தெருவில் அவர் பேருக்கு ஒரு மரியாதை இருந்தது. அது அன்றைக்குக் குட்டியானையின் முதுகில் ஏறிப் போனது.

"இன்னா மாணிக்கம், ஆத்துல வெள்ளம் வரப்போவுதுன்னு உனக்கு மட்டும் போன் வந்துச்சா?" என்றார் எதிர்வீட்டுக் கந்தசாமி.

தெருவே சிரித்தது. வண்டியிலிருந்து குதித்த காவ்யாவும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு வயது இருபத்துமூன்று. மாணிக்கவேலுக்கும் கமலத்துக்கும் ஒரே மகள். சென்னைக்குக் கல்லூரியில் படிக்கப் போனவள், அங்கே என்.சி.சி.யில் கடற்படைப் பிரிவில் சேர்ந்து, பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். பட்டம் வாங்கினாளோ இல்லையோ, கறுத்துப்போய் வந்தாள். ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற இந்தப் படகு, அவள் பயிற்சி எடுத்த சென்னைப் படகு கிளப்பில் ஓரம் கட்டப்பட்டுக் கிடந்தது. பயிற்சியாளர் அதை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஐப்பசி கார்த்திகையில் புயல் அடிக்கும், யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். கிளப்பின் கொட்டகைக் கூரையை வேறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவரவர் படகை அவரவர் எடுத்துப்போய்ப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள், மழை முடிந்ததும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஈ.சி.ஆரில் பங்களா இருந்தது. இவளுக்கு ஆரணிதான் இருந்தது.

மழை முடிந்ததும் ஜனவரி முதல் வாரத்தில் தேர்வுப் போட்டி. தேசிய முகாமுக்கு இரண்டு பெண்களை எடுப்பார்கள். முகாமுக்குப் போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிச்சயம். வயது வரம்பில் இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம்.

அப்பனும் மகளும் இதைவைத்து ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் நடந்த ஒரு அசிங்கத்தையும் சொல்லியாக வேண்டும். போன ஜனவரியில் இதே தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது, விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த காவ்யா போனை வீட்டில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளர் போன் செய்தார். தேதியை முன்னால் தள்ளிவிட்டார்கள், உடனே கிளம்பி வரச் சொல்லுங்கள் என்றார். மாணிக்கவேல் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. அவளுக்கு டைபாய்டு, வரமாட்டாள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். விஷயம் தெரிந்தபின் காவ்யா ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. ஆறு மாதம் கழித்து அவளாகத்தான் பேசினாள்.

"தை வரைக்கும் டைம் குடுப்பா. இந்தவாட்டியும் செலக்ட் ஆவலன்னா, நீ காட்டற ஆளுக்கு கழுத்த நீட்டறேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டேன். ஆனா நடுவுல நீ பூந்து எதுவும் பண்ணக்கூடாது."

இருவரும் கையடித்துக்கொண்டார்கள். அவர் காட்டவிருந்த ஆள், சேத்துப்பட்டு ரோட்டில் விசைத்தறி வைத்திருக்கும் ரஞ்சித்குமார். குறை சொல்ல முடியாத பையன். அதுதான் வம்பே, குறை இருந்தாலாவது சொல்லித் தட்டிக்கழிக்கலாம். அந்த வீட்டாரும் தை வரைக்கும் காத்திருக்கிறோம் என்றார்கள். கையடித்த அன்று மாணிக்கவேல் மனசுக்குள், இவள் எங்கே ஜெயிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தார். தோற்கட்டும் என்றே நினைத்தார். அதையும் மறைப்பானேன்.

படகுக்கு இடம் கொடுத்தவர் சத்தியராஜ். மாணிக்கவேலோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர், ஊர்க்கோடியில் ஒரு ரைஸ் மில்லில் மேஸ்திரி. தை அறுவடை வரும்வரை அந்த மில்லில் ஒரு கோடவுன் காலியாகக் கிடக்கும். நாலு பேர் பிடித்துப் படகை அதற்குள் இறக்கினார்கள். மறுநாள் காலையிலிருந்து இரண்டு நாள் காவ்யா அங்கேயே கிடந்தாள். தனியாக விடக்கூடாதே என்று மாணிக்கவேலும் போய் ஒரு சாக்குக்கட்டின்மேல் உட்கார்ந்தார். தறி சும்மா கிடக்கிறதே என்ற எரிச்சலோடுதான் உட்கார்ந்தார்.

முதலில் படகை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினாள். கழுவி முடித்ததும் மறுபடியும் கழுவினாள்.

"வெள்ளையாத்தானம்மா கீது? எத்தினிவாட்டி கழுவுவே?"

"உப்புப்பா. கண்ணுக்குத் தெரியாது. மூணு மாசம் அப்பிடியே வுட்டா ஆணிய எல்லாம் தின்னுடும்."

சின்னச் சின்னக் கப்பிகளைக் கழற்றி ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிப் பார்த்து எடுத்தாள். கயிறுகளை அலசித் தளர்த்தி வளையம் வளையமாகச் சுற்றி மாட்டினாள். பின்பக்கம் தண்ணீர் வடிகிற துளையின் மூடியைத் திருகிக் கழற்றி, அதைத் தொலைத்துவிடக் கூடாதென்று ஒரு கயிற்றில் கோத்துப் படகிலேயே கட்டினாள். மூடியபடி வைத்தால் உள்ளே வேர்த்துக்கொள்ளுமாம். பழைய கார் டயர்களை அடியில் கொடுத்து, மூக்கைக் கொஞ்சம் தூக்கி வைத்தாள். பாய்மரத்தை இரண்டு துண்டாகக் கழற்றித் துடைத்துச் சுவரோரம் படுக்கவைத்தாள். சுக்கானைப் பழைய போர்வையில் சுற்றினாள்.

இரண்டாம் நாள் படகின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்று கண்ணை மூடினாள். விரல் நுனியை முன்னும் பின்னுமாக நகர்த்தினாள். மயிரிழைக்கு ஒரு விரிசல். மாணிக்கவேலுக்கு அது கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் அந்த விரல் அவருக்குத் தெரிந்த விரல். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த இழையை அவர் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு தேடுவார். வெளிச்சத்தில் தெரியாதது விரலுக்குத் தெரியும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, இவளுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிசினைக் குழைத்துப் பூசி, காயும்வரை அதன் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். இது விளையாட்டல்ல, இவள் தொழில் தெரிந்தவள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. டைபாய்டு என்று தான் சொன்ன பொய் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த வழக்கம் அவருக்கு இல்லை.

கடைசியாகப் பாயை எடுத்தாள். மூன்று மூலையுள்ள பெரிய வெள்ளைத் துணி. அலசி நிழலில் விரித்தாள்.

"வெயில்ல போட்டா சீக்கிரம் காயும்ல?"

"வெயில் ஆவாதுப்பா இதுக்கு."

"அட, பட்டு மாதிரி."

"மடிக்கவும் கூடாது. மடிப்பு வுழுந்தா அங்கயே செத்துடும். சுருட்டித்தான் வெக்கணும்."

"ஜரிகையும் அப்பிடித்தாம்மா!" என்றார் மாணிக்கவேல். அவர் குரலில் தொனித்த சந்தோஷத்தைக் கேட்டு அவளே திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளுடைய உலகத்தில் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அது.

அவள் பாயின் ஓரத்தைப் பிடித்து உதறிப் பெருமூச்சு விட்டாள். "இது பாதி செத்துப்போச்சுப்பா. புதுசுல மொடமொடன்னு இருக்கும். தட்டினா சத்தம் வரும். இப்ப பாரு, தொளதொளன்னு. காத்தப் புடிச்சு நிறுத்தல. இதனாலயே எனக்கு எத்தினி செகண்டு போவுது தெரியுமா?"

"வேற வாங்கிக்க முடியாதா?"

"வெளிநாட்டுல இருந்து வரணும். வுடுப்பா, இத்த வெச்சே சமாளிச்சிக்கறேன்."

சுருட்டிப் பையில் போட்டுப் படகுக்குள்ளேயே வைத்தாள். மேலே தார்ப்பாயை மூடி, இரண்டு முனையிலும் காற்று புக இடம் விட்டுக் கட்டினாள். படகும் மூச்சு விட வேண்டுமாம். அன்று சாயங்கால பஸ்ஸில் சென்னைக்குப் போய்விட்டாள்.

மொடமொடப்பு. அந்த ஒரு வார்த்தை மாணிக்கவேலைத் தூங்கவிடவில்லை. ஒரு துணிக்கு மொடமொடப்பு வரவழைப்பது எப்படி என்று ஆரணியில் ஒரு நெசவாளனுக்குத் தெரியாதென்றால் அவன் தறிக்குழியில் உட்கார்ந்து என்ன பிரயோஜனம்? தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்துக் காயவைப்பதை அவர் ஆயிரம் தரம் செய்தவர். கஞ்சி ஏறின இழை விறைத்து நிற்கும். மகளுக்குப் போகிற செகண்டுகளை அவரால் திருப்பித் தர முடியும். யாரிடமும் கேட்க வேண்டாம், வெளிநாட்டுக்கு எழுத வேண்டாம்.

கார்த்திகையில் மழை மூன்று நாள் ஓய்ந்தது. கமலத்தைக் கஞ்சி காய்ச்சச் சொன்னார்.

"அவள ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்," என்றாள் கமலம்.

"கேட்டா வோணாம்பா. மார்கழில வந்து பிரிச்சிப் பாக்கட்டும். அவ மூஞ்சிய நான் பாக்கணும்."

"நீங்க பூந்து எதுவும் பண்ணக்கூடாதுன்னு கையடிச்சிக்கீறீங்க."

"கெடுதல் பண்ணக்கூடாதுன்னுதான் அதுக்கு அர்த்தம்."

கமலத்துக்கும் உள்ளூர ஆசைதான். புழுங்கலரிசியை நன்றாகக் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயும் விட்டுக் கொடுத்தாள்.

பொழுது விடிந்ததும் தெருவில் பாவு கட்டுகிற கம்பங்களில், மில்லிலிருந்து எடுத்துவந்த பாயை இழுத்துக் கட்டினார். மூன்று மூலைத் துணியை அவர் கட்டியதே இல்லை. ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் தொங்கியது. தெருவே கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னது. "இது எந்த ஊர்ப் பொம்பள கட்டற பொடவ?" என்றார் கந்தசாமி, சொல்லிக்கொண்டே ஒரு மூலையைப் பிடித்தும் கொடுத்தார். மாணிக்கவேல் கஞ்சியைத் தெளித்து, தூரிகையால் ஒரே போக்கில் இழுத்து, காய்ந்ததும் மறுபக்கம் ஒருமுறை தெளித்தார். ஏறவில்லை என்று பட்டது. பாலியெஸ்டர் துணி கஞ்சியை அவ்வளவு சுலபத்தில் குடிக்காது. மறுநாள் இன்னும் கெட்டியாகக் காய்ச்சி மறுபடியும் பூசினார்.

மூன்றாம் நாள் தட்டிப் பார்த்தார். சத்தம் வந்தது. கமலத்தைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். கந்தசாமியையும் தட்டச் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்கள், இந்த மனுஷன் மகளுக்குக் கல்யாணமே நிச்சயம் பண்ணிவிட்டான் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கோ அந்தக் கல்யாணம் நின்றுபோக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாமல் போயிருந்தது. மகள் சொன்னபடியே மடிக்காமல் சுருட்டி, பையில் போட்டு, கொண்டுபோய்ப் படகுக்குள் வைத்துத் தார்ப்பாயைக் கட்டினார்.

கிறிஸ்துமஸுக்குச் சத்தியராஜ் குடும்பத்தோடு சேத்துப்பட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மில் பத்து நாள் பூட்டிக் கிடந்தது. டிசம்பர் முப்பதாம் தேதி காலையில் அவர் திரும்பி வந்து மில்லைத் திறந்தார். அன்றைக்கே காவ்யா வண்டியோடு வந்தாள். மாணிக்கவேல் கமலத்தையும் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார். புதுச்சட்டை போட்டிருந்தார்.

காவ்யா தார்ப்பாயை அவிழ்த்தாள். பையை எடுத்ததுமே அவள் முகம் மாறியது. பையின் அடியில் முஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை. பாயைத் தரையில் உருட்டி விரித்தாள். சுருட்டி வைத்த துணியை எலி ஒரு பக்கமிருந்து குடைந்துகொண்டு உள்ளே போயிருந்தது. அதனால் ஒரே கடி, விரிக்க விரிக்க ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டையாக வந்துகொண்டே இருந்தது. மொத்தம் பதினான்கு. பாயின் நடுவாக, கீழிருந்து மேலே, ஒரே வரிசையில்.

சத்தியராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். "படகுல எலிக்கு இன்னாடா கீது? ஒரு மணி நெல்லு இல்லியே இங்க. நான் நல்லா கூட்டித்தானே வுட்டேன்..."

காவ்யா குனிந்து துணியை முகர்ந்தாள். விரலால் சுரண்டினாள். வெள்ளைத் தூள் நகத்தில் ஒட்டியது. வாயில் வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்து நேராக அப்பாவைப் பார்த்தாள்.

"கஞ்சி போட்டியா?"

மாணிக்கவேல் குனிந்து, பாயின் ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சொல்லுப்பா. போனவாட்டி டைபாய்டு. இந்தவாட்டி எலியா? வேணும்னே பண்ணியா?"

"ஐயோ, இல்ல கண்ணு..." என்று கமலம்தான் குறுக்கே வந்தாள். "மொடமொடப்பு போச்சுன்னு சொன்னியாமே. அத்தக் கேட்டுகினு வந்து ரெண்டு நாளு தெருவுல கட்டிவெச்சி போட்டாரும்மா. நான்தான் காச்சிக் குடுத்தேன். உன் மூஞ்சியப் பாக்கணும்னு புதுச்சட்ட போட்டுகினு வந்துக்கீறாரு பாரு."

காவ்யா அந்தச் சட்டையைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அப்பா, எலி தின்னலன்னே வெச்சிக்க. கடல்ல தண்ணி இருக்கும்பா. மொத அலை அடிச்சா உன் கஞ்சி கரைஞ்சி போயிடும். அது உனக்குத் தோணவேயில்லியா?"

தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. காற்றைப் பற்றி நாள் பூரா யோசித்தவர், தண்ணீரை மறந்துபோனார். அவர் வாழ்நாளில் நெய்த துணி எதுவும் அலையில் நனைந்ததில்லை.

வேறு பாய்க்கு அவள் அரைநாள் போன் செய்தாள். போட்டிக்கு வருகிற பெண்களிடம் ஆளுக்கு ஒரு பாய்தான் இருந்தது. ஒருத்தியிடம் உதிரிப் பாய் இருந்தது, அது அளவில் பெரியது, விதிப்படி செல்லாது. புதிது வர ஒரு மாதம் ஆகும். இருப்பதை ஒட்டிக்கொண்டு வா என்றார் பயிற்சியாளர். அப்பனும் மகளும் கஞ்சியை அலசி எடுத்துவிட்டு, வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். அவளிடமிருந்த ஒட்டுநாடா ஏழு ஓட்டைக்குத்தான் வந்தது. மீதி ஏழையும் மாணிக்கவேல் பட்டுநூலால் இழையோட்டி அடைத்தார். இரண்டு நாள் தலைநிமிரவில்லை. அவர் கையில் அதைவிட நேர்த்தியான வேலை எதுவும் நடந்ததில்லை. காவ்யா கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இந்த எடத்துல இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போடுப்பா" என்பதுபோல ஏதாவது சொல்வாள், அவ்வளவுதான். திட்டித் தொலைக்கமாட்டாளா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

போட்டியன்று மாணிக்கவேல் சென்னைக்குப் போனார். மகள் படகு ஓட்டி அவர் அதுவரை பார்த்ததில்லை. கரையில் தொப்பி போட்ட ஒருவர் தொலைநோக்கியோடு நின்றிருந்தார். பயிற்சியாளர் சிவப்பிரகாசம் அவர்தான் என்று சொன்னார்கள்.

"சார், நான் காவ்யா அப்பா," என்றார் மாணிக்கவேல். "போன வருஷம் உங்ககிட்ட போன்ல பேசினேன்."

"தெரியும்," என்றார் சிவப்பிரகாசம். தன் தொலைநோக்கியை அவரிடம் நீட்டினார். "மூணாவது பாய். ஒட்டு போட்டது. பாருங்க."

பார்த்தார். பதினோரு படகுகள். அவருடைய மகள், உடம்பு முழுவதையும் படகுக்கு வெளியே சாய்த்து, முதுகு தண்ணீரில் உரச உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதாக இருந்தவள் திரும்பும் இடத்தில் இரண்டாவதாக வந்தாள். காற்று எங்கே எழும் என்று முன்கூட்டியே தெரிந்தவள்போல அங்கே போய் நின்றாள். முதல் பந்தயத்தில் முதலிடம். அடுத்ததில் இரண்டாமிடம். அதற்கடுத்ததில் மறுபடியும் முதலிடம்.

"உங்க பொண்ணு மாதிரி எங்கிட்ட யாரும் வந்ததில்ல," என்றார் சிவப்பிரகாசம். "கடைசி பந்தயம் நல்லபடியா முடிச்சா போதும். நாலாவதா வந்தாக்கூட எடுத்துடுவாங்க."

நாலாவதாக வந்தால் போதும். மாணிக்கவேல் தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டார். இத்தனை நாள் இவள் தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டதையெல்லாம் கழித்துவிடச் சொல்லிக் கேட்டார்.

மதியத்துக்குமேல் காற்று ஏறியது. கடல் முழுக்க வெள்ளை நுரை. காவ்யா இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். பெருங்காற்று ஒன்று அடித்தபோது எல்லாப் படகும் சாய்ந்து நிமிர்ந்தன. அவளுடையது சாய்ந்ததும் பாயின் நடுவில் கீழிருந்து மேலே ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோட்டின் வழியாக வானம் தெரிந்தது. இழையோட்டிய இடங்கள் பிரியவில்லை. அவருடைய வேலை கெட்டியாகத்தான் இருந்தது. அவற்றுக்கு நடுவில் இருந்த துணிதான் ஓட்டைக்கு ஓட்டை கிழிந்துகொண்டே போனது. இரண்டு கந்தலும் தனித்தனியாகப் படபடவென்று அடித்தன. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. அவள் கந்தலை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கடைசியாக, ரொம்ப நேரம் கழித்து வந்து சேர்ந்தாள். பந்தயத்தை விட்டுவிட்டு இழுபடகில் வந்திருக்கலாம். அப்படி வரவில்லை.

இரண்டு பேரை எடுத்தார்கள். அவள் மூன்றாவது.

சாயங்காலம் ஆரணி பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவளுடைய தலைமயிரில் இன்னும் உப்பு இருந்தது. பூந்தமல்லி தாண்டுகிறவரை அவர் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"படகு எங்கம்மா?"

"சார்கிட்டயே வுட்டுட்டேன். புதுசா ஒரு பொண்ணு வருது. அதுக்கு குடுத்துடச் சொல்லிட்டேன்."

"காவ்யா, ரஞ்சித்குமார் வூட்டுக்கு நான் வேணாம்னு சொல்லிடறேன். அந்தப் பேச்சே செல்லாது. நான்தானே கெடுத்தேன்? நீ ஒண்ணும் தோக்கல. நான் கண்ணால பாத்தேன்."

"வரச் சொல்லுப்பா அவங்கள."

"நான்தான் வேணாம்னு சொல்றேனே!"

"வயசு முடிஞ்சிபோச்சுப்பா. இனிமே எதுக்காக காத்துகினு இருக்கறது? வார்த்தை குடுத்தாச்சு. அந்தாளும் நல்ல ஆளுதான்." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ வேணும்னு கெடுத்திருந்தா நான் வுட்டிருக்க மாட்டேன். சண்ட போட்டுட்டு வூட்ட வுட்டே போயிருப்பேன். மறுபடியும் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன். ஆசையா கெடுத்துட்டியேப்பா. அதுக்கு நான் இன்னா பண்றது?"

காஞ்சிபுரம் வந்தது, போனது. ஆற்காட்டில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும் என்றார் கண்டக்டர். காவ்யா இறங்கிப் போய்ப் பேப்பர் கப்பில் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். கயிறு இழுத்துத் தோலுரிந்த கையால் அதை அவரிடம் நீட்டினாள்.

"காலையிலருந்து நீ ஒண்ணும் சாப்புடல. ரொம்ப சூடா கீது, பாத்து குடி," என்றாள்.

மாணிக்கவேல் அந்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால், வாய்விட்டு அழுதார்.